தனிகாவா மலை: 1977 மீட்டர்தானே, ரோப் காரும் இருக்கிறதே, பிறகு ஏன் இத்தனை சாவு?

கேள்வி கேட்டவர் எழுதியிருந்தது சுருக்கமாக இதுதான்: தோக்கியோவில் வேலை பார்க்கிறார், மலையேற்றத்தில் அனுபவம் குறைவு. அலுவலக நண்பர்கள் தனிகாவா மலைக்குக் கூப்பிடுகிறார்கள். தேடிப் பார்த்தால் ஒரு பக்கம் 'உலகத்திலேயே அதிகம் பேரைக் கொன்ற மலை' என்று வருகிறது, இன்னொரு பக்கம் குழந்தைகளோடு ரோப் காரில் போய் ஐஸ்கிரீம் சாப்பிடும் படங்கள் வருகின்றன. எதை நம்புவது? ஃபூஜி மலையின் பாதி உயரம்தானே, இதில் பயப்பட என்ன இருக்கிறது?

இரண்டையும் நம்பலாம். ஒரே பெயரில் நீங்கள் பார்ப்பது கிட்டத்தட்ட இரண்டு மலைகள். கிழக்கு முகத்தில் இருப்பது கயிறு கட்டி ஏறும் பாறைச் சுவர். தெற்கே நீளும் முதுகில் இருப்பது நடைபாதை. அந்தச் சாவு எண்ணிக்கையின் பெரும்பகுதி முதலாவதைச் சேர்ந்தது. உங்கள் நண்பர்கள் கூப்பிடுவது இரண்டாவதற்கு. ஆனால் அந்த இரண்டாவதும் சும்மா விட்டுவிடாது, அதற்கு அப்புறம் வருகிறேன்.

என்னைப் பற்றி ஒரு வார்த்தை. பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாக தோக்கியோவைச் சுற்றியுள்ள காந்தோ வட்டாரத்தின் வடக்கில் வசிக்கிறேன். இந்த மலையில் எல்லாப் பருவத்திலும் நடந்திருக்கிறேன். ஆனால் நான் பாறை ஏறுபவன் அல்ல. அந்தக் கிழக்கு முகத்தில் உள்ள இச்சினோகுராவின் சுவரை அடியில் நின்று அண்ணாந்து பார்த்ததோடும், மேலிருந்து எட்டிப் பார்த்ததோடும் சரி. சுவரைப் பற்றி நான் சொல்வதெல்லாம் பதிவுகளிலிருந்தும் ஏறியவர்களோடு பேசியதிலிருந்தும் தெரிந்தது. நடைபாதைகளைப் பற்றிச் சொல்வது என் கால் அறிந்தது.

முதலில் இடம். குன்மா, நீகாத்தா என்ற இரண்டு மாகாணங்களின் எல்லையில் மிக்குனி மலைத்தொடர் ஓடுகிறது. அதில்தான் தனிகாவா. தெற்கே மினாகாமி, வடக்கே யுசாவா. இந்த முகடு ஜப்பானின் நீர்ப்பிரிமேடு. முகட்டில் நின்று தண்ணீர் பாட்டிலை ஒரு பக்கம் கவிழ்த்தால் தோனே ஆற்றில் கலந்து பசிபிக் கடலுக்குப் போகும், மறுபக்கம் கவிழ்த்தால் ஷினானோ ஆற்றின் வழியாக ஜப்பான் கடலுக்குப் போகும். தோக்கியோவில் நீங்கள் குழாயில் பிடிக்கும் தண்ணீரில் கணிசமான பங்கு தோனே ஆற்றினுடையது. அதாவது இந்த மலைகளின் பனியை ஏற்கெனவே குடித்துக்கொண்டுதான் இருக்கிறீர்கள்.

உச்சியில் இரண்டு கொம்புகள். தெற்கே இருப்பது தோமானோமிமி, 1963 மீட்டர். வடக்கே இருப்பது ஓக்கினோமிமி, 1977 மீட்டர். 'மிமி' என்றால் காது. அடிவாரத்திலிருந்து பார்த்தால் பூனையின் இரண்டு காதுகள் போலத் தெரிவதால் அந்தப் பெயர். கிட்டக் காது, எட்டக் காது என்று வைத்துக்கொள்ளுங்கள். 'தனிகாவா' என்ற பெயர் முதலில் பக்கத்திலுள்ள மனாயித்தாகுரா என்ற சிகரத்துக்குரியது, வரைபடம் போட்டவர்கள் இடம் மாற்றி எழுதிவிட்டார்கள், அதுவே நிலைத்துவிட்டது என்று ஒரு கதை உண்டு. உள்ளூரில் பரவலாகச் சொல்லப்படுவது. அந்த அளவில் எடுத்துக்கொள்ளுங்கள். இன்னொரு வேடிக்கை, இந்தப் பகுதியில் தனிகாவா உயரமான சிகரமே அல்ல. வடக்கே இரண்டு சிகரம் தள்ளியிருக்கும் ஷிகெகுரா 1978 மீட்டர், ஒரு மீட்டர் அதிகம். மேற்கே சென்னோகுரா 2026 மீட்டர். பெயர் மட்டும் தனிகாவாவுக்கு.

ஜப்பான் மலை என்றாலே எரிமலை என்று நினைப்போம். இது எரிமலை இல்லை. இதன் உருவத்தைச் செதுக்கியதில் பெரும் பங்கு பனிக்கு. குளிர்காலத்தில் சைபீரியாவிலிருந்து வரும் வடமேற்குக் காற்று ஜப்பான் கடலைத் தாண்டும்போது ஈரத்தை வாரிக்கொள்கிறது. இந்த முகட்டில் மோதி மேலே ஏறும்போது அந்த ஈரம் முழுவதும் பனியாகக் கொட்டுகிறது. உலகத்தில் மக்கள் வாழும் இடங்களில் இந்த அளவு பனி கொட்டுகிற பகுதிகள் குறைவு. ஈரத்தை இங்கே இறக்கிவைத்துவிட்டு மறுபக்கம் இறங்கும் காற்று வறண்ட காற்றாகக் குன்மா சமவெளியில் வீசுகிறது. குன்மாவுக்கு அடையாளம் வீட்டை ஆளும் மனைவியும் வறண்ட காற்றும் என்று ஜப்பானியர்கள் கேலியாகச் சொல்வார்கள். அந்த இரண்டாவது அடையாளத்துக்குப் பொறுப்பு இந்த மலைத்தொடர்தான்.

காற்று மேற்கிலிருந்து அடிப்பதால் முகட்டின் பனி கிழக்குப் பக்கம் தள்ளப்பட்டு அங்கேதான் குவிகிறது. குவிந்த பனி சரிந்து விழும்போது பாறையைச் சுரண்டிக்கொண்டு போகிறது. இது யுகம் யுகமாக நடந்ததில் மேற்குச் சரிவு சாதுவாகப் புல்லும் குட்டை மூங்கிலுமாக இருக்க, கிழக்குச் சரிவு கத்தியால் வெட்டினது போல நிற்கிறது. முகட்டில் நடக்கும்போது இந்த வித்தியாசம் கண்ணில் அறையும். இடது பக்கம் பச்சை, வலது பக்கம் ஒன்றுமில்லை.

அந்த ஒன்றுமில்லாத பக்கத்தில் இருப்பதுதான் இச்சினோகுராசவா. 'சவா' என்றால் மலை ஓடை. பள்ளத்தாக்கின் வாயிலிலிருந்து முகடு வரை ஏறத்தாழ 1000 மீட்டர் உயரத்துக்குப் பாறை எழுந்து நிற்கிறது. சுருகி, ஹொத்தாகா ஆகிய மலைகளின் சுவர்களோடு சேர்த்து ஜப்பானின் மூன்று பெரும் பாறைச் சுவர்களில் ஒன்றாக இதைச் சொல்வார்கள். மற்ற இரண்டும் தொலைவில், ஜப்பான் ஆல்ப்ஸ் என்ற மலைப்பகுதியில் இருப்பவை. அங்கே போய்ச் சேரவே நாள் பிடிக்கும். இதுவோ தோக்கியோவுக்குப் பக்கம். உங்கள் கேள்விக்கான பதிலின் பாதி இந்த ஒரு வாக்கியத்தில் இருக்கிறது.

1920களில் இந்தச் சுவரைப் பல்கலைக்கழக மலையேற்றக் குழுக்கள் கண்டுகொண்டன. கெய்யோ பல்கலைக்கழகத்தின் ஓஷிமா ரியோகிச்சி அவர்களில் முக்கியமானவர். ஆனால் அதுவரை இது ஒரு சிலரின் மலைதான். 1931 செப்டம்பரில் மலையைக் குடைந்த ஷிமிசு சுரங்கம் திறந்தது. 9.7 கிலோமீட்டர் நீளம். தோக்கியோவிலிருந்து நேராக மலையடிவாரத்துக்கு ரயில். சனிக்கிழமை வேலை முடிந்து உவேனோ நிலையத்தில் இரவு ரயில் ஏறினால் ஞாயிறு விடியலில் சுவரின் காலடியில் நிற்கலாம், ஏறிவிட்டுத் திங்கள்கிழமை வேலைக்குப் போகலாம். தொழிற்சாலைப் பையன்களும் குமாஸ்தாக்களும் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். தூக்கமில்லாத இரவு, ஒரே ஒரு விடுமுறை நாள், மழை வந்தாலும் திரும்பிப் போக மனமில்லை. சாவுக் கணக்கும் அந்த 1931லிருந்துதான் எண்ணப்படுகிறது. இதுவரை 800 பேருக்கு மேல். எண்ணாயிரம் மீட்டருக்கு மேற்பட்ட இமயச் சிகரங்கள் எல்லாவற்றிலும் சேர்த்து இறந்தவர்களோடு இதை ஒப்பிட்டுப் பேசுவது வழக்கம்.

இதில் உறுதியானது, சந்தேகத்துக்குரியது என்று பிரித்துக்கொள்வது நல்லது. 800க்கு மேல் என்பது உறுதி. அதில் பெரும்பாலானவை பாறைச் சுவர்களிலும் பனிக்காலத்திலும் நடந்தவை என்பதும், முக்கால்வாசி பழைய காலத்தவை என்பதும் இந்த மலையை அறிந்த எல்லோரும் ஒப்புக்கொள்வது. 'உலகின் மிக ஆபத்தான மலை' என்ற பட்டம்தான் எனக்கு ஒட்டவில்லை. எத்தனை பேர் இறந்தார்கள் என்று மட்டும் எண்ணி, எத்தனை பேர் ஏறினார்கள் என்று வகுக்காமல் கொடுக்கும் பட்டம் அது. இமயத்தின் எண்ணாயிரம் மீட்டர் சிகரத்துக்கு ஒரு பருவத்தில் சில நூறு பேர் போனால், இங்கே நல்ல வார இறுதி ஒன்றிலேயே அதைவிடக் கூட்டம் இருக்கும். நெடுஞ்சாலையில் நடக்கும் விபத்துகளைக் காட்டுப் பாதையின் விபத்துகளோடு எண்ணிக்கையில் ஒப்பிடுவதைப் போன்றது இது.

அந்தச் சுவரின் மிகக் கொடுமையான நிகழ்ச்சி 1960 செப்டம்பரில் நடந்தது. சுயித்தாத்தே என்ற பாறை. திரை போல நிமிர்ந்து நிற்பதால் அந்தப் பெயர். அதற்கு முந்தைய ஆண்டுதான் அதன் முகப்பை முதன்முதலாக ஏறியிருந்தார்கள். யோகோஹாமாவிலிருந்து வந்த இரண்டு இளைஞர்கள் அங்கே தவறி, கயிற்றிலேயே தொங்கியபடி இறந்துபோனார்கள். மீட்கப் போனால் மீட்பவரும் சாவார் என்ற நிலை. கடைசியில் தற்காப்புப் படையினரை, அதாவது ஜப்பானின் ராணுவத்தினரை, அழைத்துத் துப்பாக்கியால் கயிற்றைச் சுட்டு அறுத்தார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட குண்டுகள் செலவாயின. நாடே அதைப் பார்த்தது. இந்த மலை என்றால் ஜப்பானிய முதியவர் ஒருவருக்கு முகம் மாறுவதற்குக் காரணம் பெரும்பாலும் அந்தப் படங்கள்தான்.

அப்புறம் சட்டம் வந்தது. தனிகாவாவில் விபத்துகளைத் தடுப்பதற்கென்றே குன்மா மாகாணம் ஒரு தனி விதி இயற்றி 1967இல் அமலுக்குக் கொண்டுவந்தது. ஆபத்தான பகுதிகள் என்று வரையறுத்த சுவர்ப் பக்கங்களுக்குப் போகிறவர்கள் 10 நாளுக்கு முன்பே விவரம் எழுதிக் கொடுக்க வேண்டும். நீங்கள் போகும் நடைபாதை அந்தப் பகுதியில் சேராது. இருந்தாலும் மலையேறும் விவரத் தாள் ஒன்றை எழுதி அடிவாரத்தில் இருக்கும் பெட்டியில் போட்டுவிட்டுப் போங்கள். பெயர், வழி, திரும்பும் நேரம், அவ்வளவுதான். இரண்டு நிமிட வேலை.

இனி உங்கள் வழி. அடிவார ரோப் கார் நிலையம் 746 மீட்டரில் இருக்கிறது. கால் மணி நேரத்தில் தென்ஜின்தைராவில், 1319 மீட்டரில் இறக்கிவிடும். 1960இலிருந்து ஓடும் ரோப் கார் இது. 2005இல் இரட்டைக் கம்பியில் ஓடும் புதியதாக மாற்றினார்கள், ஓரளவு காற்றுக்குத் தாங்கும். மீதி உயரம் சுமார் 660 மீட்டர். அதைத் தென்ஜின் முகடு வழியாக நடக்க வேண்டும். ஏற இரண்டரை மணி, இறங்க இரண்டு மணி என்பது வழக்கமான கணக்கு. முதல்முறை என்றால் இரண்டிலும் அரை மணி கூட்டிக்கொள்ளுங்கள்.

முதல் ஒரு மணி நேரம் பலகை போட்ட பாதையும் பீச் மரங்களின் நிழலும். 'குமாவானாசவா' என்ற இடத்தில் ஒரு சின்னத் தஞ்சக் குடில். பெயரில் 'குமா' வருகிறதே என்று கேட்பீர்கள், ஆமாம், கரடிதான். கறுப்புக் கரடி இந்தக் காடுகளில் உண்டு. பையில் மணி கட்டிக்கொண்டு நடப்பவர்களைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம், நீங்களும் ஒன்று வாங்குங்கள். குடிலைத் தாண்டியதும் பாதை நிமிர்கிறது. பாறை, கயிறு, சங்கிலி. பிடித்து ஏறுவதற்குப் பெரிய திறமை தேவையில்லை, கை இரண்டும் சும்மா இருந்தால் போதும். போனைப் பைக்குள் வைத்துவிடுங்கள் என்கிறேன். தெங்கு என்ற நீள மூக்குப் பூதம் உட்கார்ந்து இளைப்பாறும் பாறை ஒன்று வரும். அது நின்று தண்ணீர் குடிக்க நல்ல இடம். அதற்கு மேல் மரமே இல்லை.

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும், இந்த மலையின் தனித்தன்மை இதில் இருக்கிறது. ஜப்பான் ஆல்ப்ஸில் 2500 மீட்டர் வரை காடு ஏறும். இங்கே 1500 மீட்டர் சுமாருக்கே காடு முடிந்துவிடுகிறது. பீச் காட்டுக்கு மேலே வழக்கமாக வர வேண்டிய ஊசியிலைக் காட்டு அடுக்கு இங்கே காணோம். அளவுக்கு மீறிய பனியும் காற்றும் அந்த மரங்களை நிற்க விடவில்லை. அதனால் உயரம் 1900 என்றாலும் கண்ணுக்குத் தெரிவது 3000 மீட்டர் மலையின் காட்சி. முதல்முறை வருகிறவர்களுக்கு இது பெரிய இனாம். ஆனால் இதுவே ஆபத்தும்கூட. மரம் இல்லையென்றால் காற்றுக்கும் இடிக்கும் மறைவிடமும் இல்லை.

அடுத்தது பாறை. மேல்பகுதியில் பல இடங்களில் செர்பென்டினைட் என்ற பாறை. ஜப்பானியர்கள் இதைப் பாம்புத் தோல் பாறை என்ற பொருளில் அழைக்கிறார்கள். பச்சையும் கறுப்புமாக வழவழவென்று இருக்கும். ஆயிரக்கணக்கான பூட்ஸ்கள் தேய்த்த இடங்கள் கண்ணாடி மாதிரி மின்னும். மழை பட்டால் சோப்பு. இதே பாறைதான் மண்ணையும் கெடுக்கிறது, அதில் சாதாரணச் செடிகள் பிழைப்பது கஷ்டம். அந்தக் காலி இடத்தைப் பிடித்துக்கொண்டது எடல்வைஸ் என்ற மலைப்பூவின் ஒரு சின்ன வகை. ஜப்பானிலேயே இந்த மலையிலும், வடகிழக்கே இருக்கும் ஷிபுத்சு மலையிலும் உள்ள இந்தப் பாறையில்தான் அது வளர்கிறது. ஜூன் கடைசியிலும் ஜூலையிலும் வெள்ளைப் பஞ்சு ஒட்டிய நட்சத்திரம் போலப் பாறை இடுக்கில் பூத்திருக்கும். மண்டியிட்டுப் பார்க்க வேண்டிய பூ, ஆனால் பாதைக் கயிற்றைத் தாண்டி மண்டியிட வேண்டாம்.

புல் சரிவில் ஏறி முடித்தால் தோள்பட்டைக் குடில் என்று அழைக்கப்படும் விடுதி. அங்கிருந்து கிட்டக் காது சில நிமிடம், எட்டக் காது இன்னும் கால் மணி. எட்டக் காதைத் தாண்டிச் சற்றுப் போனால் ஃபூஜி செங்கென் கோவிலின் உள் சந்நிதியும் சின்னத் தோரி வாசலும் இருக்கின்றன. அதற்கும் அப்பால், இச்சினோகுரா சிகரம் போகும் வழியில் 'நோசோகி' என்ற இடம். எட்டிப் பார்த்தல் என்று பொருள். பெயர் சொல்வதைச் செய்யலாம், படுத்துக்கொண்டு செய்யுங்கள். நான் மேலே சொன்ன சுவர் உங்கள் முகவாய்க்குக் கீழே ஆரம்பிக்கும். நேரமும் வானமும் இருந்தால் மட்டும் அதுவரை போங்கள், இல்லையென்றால் எட்டக் காதோடு திரும்புங்கள்.

நண்பர்களில் யாராவது ஒருவர் 'ரோப் கார் எதற்கு, நிஷிகுரோ முகடு வழியாக ஏறலாம்' என்று சொல்வார். எல்லாக் குழுவிலும் அப்படி ஒருவர் உண்டு. அடிவாரத்திலிருந்து 1200 மீட்டருக்கு மேல் ஒரே மூச்சில் ஏற்றம், நாலு மணி நேரத்துக்கு மேல், ஜப்பானின் மூன்று பெரும் செங்குத்து ஏற்றங்களில் ஒன்று என்று பேசப்படுவது. ஒட்டக முதுகு என்ற பாறைப் பகுதியில் சங்கிலிகள் வரும். அதன் மேல் அதே வழுக்குப் பாறை. அருமையான வழி, எனக்குப் பிடித்த வழியும் அதுதான், ஆனால் முதல்முறைக்கு இல்லை. அடுத்தமுறை போனாலும் அதில் ஏறி, தென்ஜின் முகடு வழியாக இறங்கி ரோப் காரைப் பிடியுங்கள். நிஷிகுரோவில் இறங்குவதை நான் யாருக்கும் சிபாரிசு செய்வதில்லை.

இதைச் சொந்த அனுபவத்தில் சொல்கிறேன். ஒரு செப்டம்பரில் உச்சியில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தேன், பத்து நிமிடத்தில் மேகம் மூடியது. நீட்டிய கைக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. கிட்டக் காதிலிருந்து இறங்கும்போது குடில் பக்கம் திரும்புவதற்குப் பதிலாக நேராக நடந்து நிஷிகுரோவில் கால் வைத்துவிட்டேன். கால் மணி நேரம் இறங்கியபிறகுதான், பாறை இவ்வளவு நிமிர்ந்து இருக்கக் கூடாதே என்று உறைத்தது. அதற்குள் தூறல் வேறு. திரும்பி ஏறிய அந்தத் தூரத்தில் இரண்டு முறை வழுக்கி முழங்கை பிய்ந்தது. பத்து தடவைக்கு மேல் வந்த மலை. பிரிவில் பலகை இருந்தது, பார்க்காதது நான். மூடுபனியில் அந்தப் பிரிவில் நின்று பலகையைத் தேடிப் படித்துவிட்டு இறங்குங்கள்.

எப்போது போவது? ஜூன் நடுவிலிருந்து அக்டோபர் நடு வரை உங்களுக்கு. மே மாதத்தில் கீழே பூ பூத்திருக்கும், மேலே பனி கிடக்கும். அந்த அழுகிய பனியில் சாதாரண ஷூவோடு போகிறவர்கள் வருடா வருடம் வழுக்குகிறார்கள். ஜூலை, ஆகஸ்டில் பிற்பகல் இடி பெரிய பிரச்சினை. சூடான காந்தோ சமவெளியின் ஈரக்காற்று இந்தச் சரிவில் ஏறித்தான் இடிமேகமாகிறது. காலை முதல் ரோப் காரில் ஏறி, நண்பகலில் இறங்க ஆரம்பித்துவிடுங்கள். அக்டோபர் முதல் பாதியில் மேலே இலை சிவக்கும். அழகில் அதுதான் உச்சம், கூட்டத்திலும். மாதக் கடைசியில் பனி விழலாம். குளிர்காலத்திலும் தென்ஜின் முகட்டில் ஏறுகிறார்கள், தென்ஜின்தைராவே பனிச்சறுக்குத் திடல் என்பதால் ரோப் காரும் ஓடும். கிராம்பான் (பூட்ஸில் மாட்டும் இரும்பு முட்கள்), பனிக்கோடாலி, பனிச்சரிவு பற்றிய பயிற்சி இல்லாமல் அதை நினைக்க வேண்டாம்.

கடைசி ரோப் கார் எத்தனை மணிக்கு என்று டிக்கெட் வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள், பருவத்துக்குப் பருவம் மாறும். தவறவிட்டால் இருட்டில் காட்டுவழியே நடந்து இறங்க வேண்டியிருக்கும். தலைவிளக்கு, மழைச் சட்டை, ஒன்றரை லிட்டர் தண்ணீர், அடிப்பாகம் தேயாத பூட்ஸ். இவ்வளவும் இருந்து, வானிலையும் சரியாக இருந்தால் தாராளமாகப் போகலாம்.

அன்று மழை என்றால் மேலே போகாதீர்கள், ஆனால் பயணத்தையும் ரத்து செய்ய வேண்டாம். ரோப் கார் நிலையத்திலிருந்து பழைய சாலையில் மூன்று கிலோமீட்டர் சொச்சம், ஒரு மணி நேரம் மெல்ல நடந்தால் இச்சினோகுராசவாவின் வாயில். சொந்தக் கார்களுக்கு அனுமதி இல்லாததால் அமைதியான நடை. 900 மீட்டர்கூட இல்லாத உயரத்தில் கோடையிலும் அழுக்குப் பனித் திட்டுகள் கிடப்பதைப் பார்க்கலாம். அங்குள்ள பாறைகளில் பித்தளைத் தகடுகள் பதித்திருக்கும். பெயர், வயது, தேதி. பெரும்பாலும் இருபதுகளில் இருந்தவர்கள். மேகம் சற்று விலகினால் சுவர் தெரியும்.

போகும் வழி: ஷின்கான்சென் அதிவேக ரயிலில் ஜோமோ-கோகென் நிலையம் வரை போய் அங்கிருந்து பஸ் பிடிப்பது சுலபம். நேரம் இருந்தால் சாதாரண ரயிலில் மினாகாமி போய், அங்கே மாறி, தோவாய் நிலையத்தில் இறங்கிப் பாருங்கள். நாளுக்குச் சில வண்டிகள்தான், அட்டவணை பார்த்துக்கொள்ளுங்கள். நீகாத்தா பக்கம் போகும் வண்டிகள் 1967இல் திறந்த புதிய சுரங்கத்துக்குள்ளேயே நிற்கும். நடைமேடையிலிருந்து வாசலுக்கு வர 462 படிகள், அதற்கப்புறம் இன்னும் 24. எஸ்கலேட்டருக்கென்று படிகளின் ஓரமாக விட்ட இடம் இன்னும் காலியாகவே இருக்கிறது. ஆகஸ்டிலும் உள்ளே குளிரும். திரும்பி வரும்போது கவலை வேண்டாம், தோக்கியோ பக்கம் போகும் வண்டிக்கு நடைமேடை தரைமட்டத்தில்தான்.